மோரியார்டியின் கணக்கில் விடுபட்டவர்கள்

கேள்வி இதுதான்: ‘மோரியார்டி த பேட்ரியட்’ என்ற ஜப்பானிய அசைபடத் (அனிமே) தொடரில் நாயகன் வில்லியம் கொல்பவர்கள் எல்லாருமே சட்டத்தின் கை எட்டாத கொடியவர்கள், அப்படியிருக்க அவனை வில்லன் என்று எப்படிச் சொல்வது, அவன் செய்வது ‘தேவையான தீமை’ தானே? அதே விக்டோரிய லண்டனில் நடமாடும் ‘பிளாக் பட்லர்’ தொடரின் நாயகன் சியலுக்கும் இந்த வாதம் பொருந்துமா? கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லியம் வில்லன்தான். அவனைச் சிக்கலான வில்லன் என்று சொல்லலாம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு நீங்கள் காட்டும் காரணத்தை ஏற்க முடியவில்லை. கொடியவனைக் கொல்பவனைப் பார்த்துக் கைதட்டுவது எளிது. அதில் நமக்கும் செலவில்லை, அவனுக்கும் செலவில்லை. ஒரு தீமையைத் ‘தேவையானது’ என்று சொல்பவர், வேறு வழியில்லை என்பதைத் தானே தீர்மானித்துவிட்டு, அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதையும் தானே கைகாட்டிவிடுகிறார். அந்தக் கைகாட்டலைத் தொடர் எந்த இடத்தில் நம்மிடமிருந்து மறைக்கிறது, எந்த இடத்தில் நம் கண்முன் கொண்டுவந்து வைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் மோரியார்டியை அறிமுகப்படுத்தியதே, சலித்துப்போன தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை ஒழித்துக்கட்டத் தகுதியான ஓர் எதிரி வேண்டும் என்பதற்காகத்தான். 21 வயதில் ஈருறுப்புத் தேற்றத்தைப் பற்றி ஆய்வுரை எழுதிய கணிதப் பேராசிரியர், குற்ற உலகின் நெப்போலியன் என்பதற்கு மேல் அந்தப் பாத்திரத்துக்கு உள்ளம் என்று ஒன்று அவர் தரவில்லை. பேராசிரியரின் சகோதரரான கர்னலுக்கு ஜேம்ஸ் என்று பெயர் வைத்தவர், பத்து ஆண்டு கழித்துப் பேராசிரியருக்கும் ஜேம்ஸ் என்றே பெயர் வைத்தார். பின்னொரு நாவலில் ரயில் நிலைய அதிகாரியாக இன்னொரு சகோதரரும் வந்து சேர்ந்தார். 2016இல் ‘ஜம்ப் ஸ்கொயர்’ இதழில் இந்த அனிமேயின் மூலமான மங்காவை (ஜப்பானியப் படக்கதை) தொடங்கிய ரியோசுகே தாகேயுச்சியும் ஹிகாரு மியோஷியும் இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கதையின் கருவாகவே மாற்றிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கதையில் மூன்று மோரியார்டிகள் இருக்கிறார்கள். மூத்தவன் ஆல்பர்ட் மட்டுமே பிறப்பால் பிரபு. மற்ற இருவரும் அந்த வீட்டுக்குத் தத்து வந்த அநாதைகள். அவர்களில் மூத்தவன், இறந்துபோன உண்மையான வில்லியமின் பெயரை எடுத்துக்கொண்டு வாழ்கிறான்.

அந்த உண்மையான வில்லியம் எப்படி இறந்தான் என்பதைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தன் குடும்பத்தின் இழிவைத் தாங்கமுடியாத ஆல்பர்ட், அநாதைச் சிறுவர்கள் இருவரோடும் சேர்ந்து வீட்டுக்குத் தீ வைக்கிறான். ஊரார் சந்தேகப்படாமல் இருக்க, இளையவன் லூயிஸ் தன் கன்னத்தைத் தானே சுட்டுக்கொள்கிறான். அவர்கள் கொன்ற அந்த இரண்டாவது மகன் ஆணவம் பிடித்தவன், அநாதைகளைத் திருடர்களாக்கத் துணிந்த கபடக்காரன் என்பதெல்லாம் சரி. ஆனால் அவனும் ஒரு சிறுவன். பத்து ஆண்டு கழிந்தபின் எப்படிப்பட்டவனாக ஆகியிருப்பான் என்று யாருக்கும் தெரியாத வயது. பிறப்பால் ஒருவனுடைய தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்ற கொள்கைக்காக நடத்தப்படும் போரின் முதல் பலி, எந்த வீட்டில் பிறந்தானோ அந்த வீட்டின் குணத்தோடு வளர்ந்துவிட்டதற்காகக் கொல்லப்பட்ட ஒரு பிள்ளை. இந்த முரண்பாட்டைத் தொடர் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் நாயகன் வாழ்நாள் முழுவதும் சுமக்கும் பெயரே அந்தப் பிள்ளையுடையது.

தொடக்க அத்தியாயங்களில் இந்தக் கனம் இல்லை. குத்தகைக்காரரின் நோயுற்ற குழந்தையிடம் மருத்துவரை அனுப்ப மறுத்து அதைச் சாகவிடும் நிலப்பிரபு, சிறுவர்களைக் கொன்று குவிக்கும் பிரபு, பொழுதுபோக்குக்காக மனிதரை வேட்டையாடும் பிளிட்ஸ் எண்டர்ஸ் என்று வரிசையாக வருகிறார்கள். எண்டர்ஸின் கதையில் நாடகத் திறமை உண்டு: சொகுசுக் கப்பலில், கூடியிருக்கும் பிரபுக்களின் முன்னால் திரை விலகும்போது அவன் மேடையிலேயே கொலை செய்துகொண்டிருக்கிறான். வில்லியமின் முறை இதில் முழுதாகத் தெரிந்துவிடுகிறது. குற்றவாளியைத் தண்டிப்பதோடு அவன் நின்றுவிடுவதில்லை, அந்தத் தண்டனைக்கு ஒரு பார்வையாளர் கூட்டத்தையும் சேர்த்துத் திரட்டுகிறான். ஆனால் இந்தப் பிரபுக்களில் ஒருவரிடமாவது நாம் தயங்குவதற்கு இடம்தரும் ஒரு கீற்று மனிதத்தன்மையைக் கதாசிரியர்கள் விட்டுவைக்கவில்லை. தராசில் ஒரு தட்டை முன்பே அழுத்திப் பிடித்துக்கொண்டு எடை போட்டால், ‘தேவை’ என்ற விடை தானாக வந்துவிடும்.

உண்மையான விக்டோரிய இங்கிலாந்தில் பிரபுக்களைச் சட்டம் தொடவே தொடாதா? அப்படிச் சொல்ல முடியாது. பெருங்குற்றம் சாட்டப்பட்ட பிரபுவைப் பிரபுக்கள் சபைதான் விசாரிக்க வேண்டும் என்ற சலுகை 1948 வரை ஏட்டில் இருந்தது. எனினும் விக்டோரியாவுக்கு வெகு முன்னரே, 1760இல், தம் நிலநிர்வாகியைச் சுட்டுக்கொன்ற ஃபெரர்ஸ் பிரபுவை அதே சபை குற்றவாளி என்று தீர்மானித்து, டைபர்னில் தூக்கிலிடவும் செய்தது. விக்டோரிய காலப் பாரபட்சம் இன்னும் நுட்பமாக வேலை செய்தது. 1889இல் பிரபுக்கள் வந்துபோன கிளீவ்லண்ட் தெரு ஆண் விபசார விடுதி விவகாரம் வெளிவந்தபோது, ஆர்தர் சாமர்செட் பிரபு வெளிநாட்டுக்குத் தப்பிச் செல்லும் அளவுக்குக் கால அவகாசம் கிடைத்தது. இன்னொரு பிரபுவின் பெயரை அச்சிட்ட பத்திரிகையாசிரியர் எர்னஸ்ட் பார்க்குக்கு அவதூறு வழக்கில் ஓராண்டு சிறை கிடைத்தது. தாமதம், மௌனம், அவதூறுச் சட்டம் ஆகியவையே மேல்தட்டின் கேடயங்களாக இருந்தன. அதே காலத்தில் சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் வீதி வீதியாகக் கணக்கெடுத்து, லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாக எழுதினார். அவர்களை வாட்டியது மனித வேட்டையாடும் பிரபு அல்லர்; வாடகையும், கூலி நிச்சயமில்லாத துறைமுக வேலையும், ஆண்களிலேயே ஏறத்தாழ 40 விழுக்காட்டினரை 1884 சீர்திருத்தத்துக்குப் பிறகும் வெளியே நிறுத்திய வாக்குரிமையும்தான் அவர்களுடைய எதிரிகள். எண்டர்ஸைக் கொன்றால் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரிகூட மாறாது. வில்லியமுக்கும் இது தெரியும் என்பதுதான் அவனைக் காப்பாற்றுகிறது. அவனுடைய இறுதித் திட்டம் தனிமனிதர்களைக் கடந்து செல்வதற்குக் காரணமும் அதுவே.

நல்லதுக்காகக் குற்றம் செய்த ஒருவரை உண்மை வரலாற்றிலேயே பார்க்க விரும்பினால், அதே லண்டனில் டபிள்யூ. டி. ஸ்டெட் இருக்கிறார். பால்மால் கெஸட் ஆசிரியரான அவர், சிறுமிகள் விலைக்கு வாங்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிக்க, 1885இல் இடைத்தரகர் மூலம் 13 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாமே வாங்கி, அதைத் தொடர் கட்டுரையாக வெளியிட்டார். நகரம் கொந்தளித்தது. நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்த சட்டம் நிறைவேறி, பாலுறவுக்கு இசைவு தரும் வயது 13இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஸ்டெட் கடத்தல் குற்றத்துக்காக மூன்று மாதம் சிறை சென்றார்; பின்னாளில் அந்தச் சிறை உடையைப் பெருமையோடு அணிந்து காட்டியதாகவும் சொல்வார்கள். இதைவிடச் சுத்தமான ‘தேவையான தீமை’ கிடைப்பது அரிது: குற்றம் நடந்தது, நன்மை விளைந்தது, செய்தவர் தண்டனையும் பெற்றார். ஆனால் அந்தச் சிறுமிக்கு வீட்டுவேலைக்குப் போவதாகத்தான் சொல்லப்பட்டிருந்தது. மருத்துவப் பரிசோதனை, மயக்க மருந்து, அந்நிய நாட்டுப் பயணம் எல்லாவற்றையும் ஒன்றும் புரியாமல் அனுபவித்த அவளிடம், இந்தத் தியாகத்துக்கு உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதச் சிறைக்குத் தயாராக இருந்த ஸ்டெட்டின் துணிவு பெரிதுதான்; இருந்தாலும் அவர் கொடுத்த விலை அவருடையது, அவள் கொடுத்த விலைக்கு அது ஈடாகாது.

இனி இந்தக் கதையை எழுதியவர்களின் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் தொடாத பகுதி இது. இந்தத் தொடர்களின் உடை விக்டோரிய உடை, உள்ளே இருக்கும் உடல் ஜப்பானிய உடல். பணக்கார வீடுகளில் மட்டும் திருடி 1832இல் தலைவெட்டப்பட்ட நெசுமி கொசோ ஏழைகளின் கள்வனாக நாடக மேடைகளில் மறுபிறவி எடுத்தான். எளியவர்களின் காசை வாங்கிக்கொண்டு அவர்களுக்காகக் கொடியவர்களைக் கொல்லும் கூலிக்கொலையாளிகளைப் பற்றிய ‘ஹிஸ்ஸாட்ஸு’ தொலைக்காட்சித் தொடர்கள் 1972 முதல் பல்லாண்டுகள் ஓடின. எளியவர்களுக்காகக் குற்றங்களைத் திட்டமிட்டுக் கொடுக்கும் வில்லியமின் ஆலோசனைத் தொழிலைப் பார்க்கும் ஜப்பானியப் பார்வையாளருக்கு ஹோம்ஸ் நினைவுக்கு வருவதற்கு முன் இவை நினைவுக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

தலைப்பு இன்னும் அழுத்தமானது. ஜப்பானிய மூலத்தில் தொடரின் பெயர் ‘யூகோகு நோ மோரியார்டி’. ‘யூகோகு’ என்றால் நாட்டை நினைத்துக் கவலைகொள்ளுதல். 1930களில் ஊழல் அரசியல்வாதிகளையும் பெருமுதலாளிகளையும் கொன்றால் நாடு தூய்மையாகிவிடும் என்று நம்பிய இளம் அதிகாரிகளோடும் தீவிரவாதிகளோடும் ஒட்டிக்கொண்ட சொல் அது. ‘ஒருவருக்கு ஒரு கொலை’ என்ற முழக்கத்தோடு இயங்கிய குருதிச் சபதக் குழு 1932இல் முன்னாள் நிதியமைச்சர் இனோயுவையும் மிட்சுயி நிறுவனத் தலைவர் தான் தகுமாவையும் கொன்றது. அதே ஆண்டு மே 15 அன்று கடற்படை இளம் அதிகாரிகள் பிரதமர் இனுகாயைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தாங்களாகவே சரணடைந்தார்கள். விசாரணையில் வறுமையில் வாடும் உழவர்களைப் பற்றிப் பேசினார்கள். நாடெங்கிலுமிருந்து அவர்கள்மேல் இரக்கம் காட்டச் சொல்லி மனுக்கள் குவிந்தன. ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படவில்லை. அவர்களுடைய உள்ளம் தூய்மையானது என்று மக்கள் நம்பினார்கள். அந்தத் தூய்மையின் பலன் என்னவென்றால், போர் முடியும்வரை ஜப்பானில் மீண்டும் கட்சி அமைச்சரவை அமையவில்லை.

வில்லியமை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுக்கும் வாதம், அவன் தன் உயிரையும் விலையாக வைக்கிறான் என்பது. மே 15 அதிகாரிகளும் வைத்தார்கள். கொல்பவன் சாகத் துணிந்தவன் என்பது அவனுடைய நேர்மைக்குச் சான்றாகலாம்; அவன் எடுத்த முடிவு சரியானது என்பதற்கு அது சான்றாகாது. கொடியவரை ஒறுத்தல் பயிருக்குக் களை எடுப்பதைப் போன்றது என்று சொன்ன வள்ளுவரும் அந்தக் களைக்கொட்டை வேந்தனிடம்தான் கொடுத்தார், வயலைக் கடந்துபோகிற எவனிடமும் கொடுக்கவில்லை. வேந்தனே களையாகிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தொடரின் இரண்டாம் பாதி இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதனால்தான் முதல் பாதியைவிட அதை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

ஆடம் வைட்லியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எளியவர்களின் உரிமைக்காக நாடாளுமன்றத்தில், சட்டத்தின் வழியிலேயே போராடும் நல்ல மனிதர் அவர். ‘வேறு வழியில்லை’ என்ற வில்லியமின் அடிப்படை வாதத்துக்கு நடமாடும் மறுப்பு அவர். மிரட்டிப் பணம் பறிக்கும் மில்வர்ட்டன் அவரை வீழ்த்த ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: வைட்லிக்குக் காவலாக நிற்கும் போலீஸ்காரரையே மிரட்டி, நடக்கவியலாத அவருடைய தம்பியைக் கொல்லச் செய்கிறான். சினத்தில் அறிவிழந்த வைட்லி அந்தப் போலீஸ்காரரைக் கொன்றுவிடுகிறார். அந்த நொடியில் லண்டனின் நம்பிக்கை ஒரு கொலைகாரனாகிவிட்டது. அங்கே வரும் வில்லியம், வைட்லியின் இசைவோடு அவரை மக்கள் முன்னிலையில் கொன்று, போலீஸ்காரரின் கொலை உட்பட எல்லாப் பழியையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். வைட்லி தியாகியாகிறார், ‘குற்றங்களின் பிரபு’ என்ற புனைபெயரில் இயங்கும் வில்லியம் லண்டன் முழுவதற்கும் பொதுப்பகைவன் ஆகிறான்.

இங்கே தராசைக் கதாசிரியர்கள் அழுத்திப் பிடிக்கவில்லை. கொல்லப்படுபவர் நல்லவர், கொல்பவனுக்கு அது தெரியும், கொல்லப்படுபவர் தாமே அதற்கு ஒப்புக்கொள்கிறார். ஸ்டெட் தம் சிறுமியிடம் கேட்காத சம்மதத்தை வில்லியம் வைட்லியிடம் கேட்டுப் பெறுகிறான். இருந்தும் கணக்கில் இன்னொருவர் விடுபட்டுப்போகிறார். மிரட்டலுக்குப் பணிந்து கொலைசெய்து, தானும் கொலையுண்ட அந்தப் போலீஸ்காரரின் மரணம் வைட்லியின் பெயரைக் காப்பதற்காக ஒரு பொய்க்குள் புதைக்கப்படுகிறது. மில்வர்ட்டன் அவரைக் கருவியாக்கினான். வில்லியம் அவருடைய சாவைக் கருவியாக்குகிறான். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் நாம் விரும்பும் அளவுக்கு அது பெரிய வேறுபாடன்று. நான் இந்தத் தொடரில் மீண்டும் போய்ப் பார்க்கும் பகுதி இதுதான்.

வில்லியமின் இறுதித் திட்டத்துக்குத் தொடர் ஒரு முன்னோடியையும் கற்பனையாகப் படைக்கிறது. ஐரீன் ஆட்லர் என்ற பெண் கைப்பற்றும் அரசு இரகசியத்தின்படி, பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் பிரிட்டன் அனுப்பிய உளவாளி, ஹோம்ஸ் குடும்பத்தின் முன்னோர். புரட்சியின் வெறுப்பு முழுவதையும் தன்மேல் குவித்துக்கொண்டு கில்லட்டினில் இறந்ததே அவர் பணியின் இறுதிக்கட்டம். வரலாறாகப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 1794 ஜூலை 28 அன்று ரோபஸ்பியர் இறந்தார், வெறுப்பு அவரோடு சேர்ந்து இறக்கவில்லை. பத்தாண்டுக்குள் பிரான்ஸ் ஒரு பேரரசரின் கையில் இருந்தது. ஆனால் வில்லியமின் மனத்தைப் புரிந்துகொள்ள இந்த விசித்திரக் கற்பனை உதவுகிறது. அவன் கணித ஆசிரியன். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் லண்டனின் வர்க்கப் பகை முழுவதையும் சேர்த்து எழுதி, மறுபக்கத்தில் தன்னை எழுதி, இரண்டையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று நம்புகிறான். லண்டன் தீப்பற்றி எரியும்போது பிரபுவும் கூலியும் தோளோடு தோள் நின்று அதை அணைக்கும் காட்சி அந்த விடையின் ஓவியம். அழகான காட்சிதான். மறுநாள் காலையில் அந்தப் பிரபு எங்கே உறங்கினார், அந்தக் கூலி எங்கே உறங்கினார் என்று காட்டாமல் காமிரா நகர்ந்துவிடுகிறது. உண்மையில் பிரபுக்கள் சபையின் தடையாணை அதிகாரம் ஒடிந்தது 1911இல். ஆண்கள் அனைவருக்கும் வாக்கு 1918இல். பெண்களுக்குச் சமமான வாக்கு 1928இல். எல்லாம் வேறு வழியில் வந்தவை, மிக மெதுவாக வந்தவை. அதற்குள் செத்துப்போனவர்களுக்கு அந்த மெதுவும் ஒரு வன்முறைதான் என்பதை நான் மறுக்கவில்லை. வில்லியமின் பொறுமையின்மைக்கு இருக்கும் நியாயம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஷெர்லாக்கின் இடம் என்ன? தொடக்கத்தில் ஜெஃபர்சன் ஹோப் என்ற கொலைகாரன் அவன்முன் ஒரு பேரம் வைக்கிறான்: என்னைச் சுட்டால் ‘குற்றங்களின் பிரபு’ யார் என்று சொல்கிறேன் என்கிறான். ஷெர்லாக் சுட மறுக்கிறான். பின்னால், அவனுடைய நண்பன் ஜான் வாட்சன் மணக்கவிருக்கும் மேரியை மில்வர்ட்டன் மிரட்டும்போது, அதே ஷெர்லாக் அவனைச் சுட்டுக் கொல்கிறான். டாயில் 1904இல் எழுதிய மூலக்கதையில் மில்வர்ட்டனைச் சுடுபவள் அவனால் வாழ்விழந்த ஒரு பெண். ஹோம்ஸ் திரைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துவிட்டு, போலீசாரிடம் வாய்திறக்காமல் இருந்துவிடுகிறார். விக்டோரியக் கனவானின் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாயில் நினைத்தார் போலும்! அனிமே அந்தச் சுத்தத்தை அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. அதனால்தான் கட்டி முடிக்கப்படாத பாலத்தின்மேல் இருவரும் எதிர்நிற்கும்போது, கறைபடாத ஒருவன் கறைபட்டவனுக்குப் போதிக்கும் காட்சியாக அது அமையவில்லை. வில்லியம் தன் சாவைக் கடனுக்கு ஈடாக நீட்டுகிறான். ஷெர்லாக் அதை வாங்க மறுக்கிறான். செத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று சொல்பவனிடம், உயிரோடிருந்து ஒவ்வொரு நாளும் தீர்த்தால்தான் கணக்கு என்கிறான். தேம்ஸில் விழுந்தபின் இருவரும் பிழைத்துக்கொள்வதை ரசிகர்களைக் குளிர்விக்கும் முடிவு என்று சிலர் குறைசொல்கிறார்கள். 1932ஐ மனத்தில் வைத்துப் பார்த்தால், நாட்டுக்காகக் கொன்றவனுக்கு அழகிய மரணத்தைத் தர மறுக்கும் முடிவு அது. அந்த மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சியலைப் பற்றி. யானா தோபோசோ 2006இல் தொடங்கிய ‘பிளாக் பட்லர்’ மங்காவின் நாயகனான இந்தச் சிறுவனுக்குத் ‘தேவையான தீமை’ என்ற சட்டை பொருந்தாது. அவனே அதை அணிய மறுத்துவிடுவான். ஃபான்டம்ஹைவ் குடும்பம் அரசியின் காவல் நாய்; நிழலுலகத்தை நிழலுலகத்தின் முறைகளாலேயே அடக்கி வைப்பது அதன் பரம்பரை வேலை. ஆக, தேவை என்று தீர்மானிப்பது அரசு. சியல் அதன் பல். செபாஸ்டியன் என்ற பேயோடு அவன் செய்துகொண்ட ஒப்பந்தம் பழிவாங்குவதற்காக, நாட்டுக்காக அல்ல. தன்னைப் பற்றி அவன் பொய் சொல்லிக்கொள்வதில்லை என்பது ஒருவகையில் வில்லியமைவிட அவனை நேர்மையானவனாக்குகிறது. பொய் சொல்லாததால் அவன் நல்லவனாகிவிடவில்லை என்பதையும் தொடர் மறைப்பதில்லை.

2014இல் அனிமேயாக வந்த சர்க்கஸ் பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குழந்தைகள் காணாமல் போகிறார்கள். அவர்களைக் கடத்துபவர்கள் ‘நோவாவின் பேழை’ சர்க்கஸ் கலைஞர்கள். கைகால் இழந்து கிழக்கு லண்டன் தெருக்களில் கிடந்த அவர்களைக் கெல்வின் என்ற பிரபு எடுத்து வளர்த்து, செயற்கை உறுப்புகள் பொருத்தி ஆளாக்கியிருந்தார். அவர் சொல்படி கடத்தாவிட்டால், அவருடைய ஆதரவில் ஓர் ஏழைகள் இல்லத்தில் வளரும் தங்கள் தம்பி தங்கைகளின் கதி என்ன ஆகும் என்பதுதான் சர்க்கஸ் தலைவன் ஜோக்கரின் அச்சம். பிறர் குழந்தைகளைக் கொடுத்துத் தம் குழந்தைகளைக் காப்பது: ‘தேவையான தீமை’யின் ஏழைவீட்டு வடிவம் இது, பிரபுவாகிவிட்ட வில்லியமின் திட்டத்தில் இல்லாத அவலம் இதில் உண்டு. சியல் கெல்வினின் மாளிகைக்குச் செல்கிறான். குழந்தைகளை மீட்பது அரசி அவனுக்கு இட்ட பணியின் பகுதி. செபாஸ்டியனே அதை நினைவூட்டுகிறான். ஆனால் தன் பழைய வதையை நினைவுறுத்தும் அந்த வெற்றுக் கண்களைக் கண்டதும், உள்ளே இருக்கும் குழந்தைகளோடு சேர்த்து மாளிகையை எரிக்கச் சொல்கிறான். இனி அவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பது அவன் காரணம். வேறு வழியில்லை என்ற அதே வாதம்தான். யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பது மட்டும் வேறுபாடு.

பிறகு அவன் ஜோக்கர் சொன்ன அந்த ஏழைகள் இல்லத்தைத் தேடிச் செல்கிறான். இல்லம் எப்போதோ பாழடைந்து கிடக்கிறது. ஒரு குழந்தையும் இல்லை. எந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகச் சர்க்கஸ்காரர்கள் இத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ, அந்தப் பிள்ளைகள் அங்கே இல்லை. இடிபாடுகளுக்கு நடுவே நின்று சியல் சிரிக்கிறான், நிறுத்த முடியாமல் சிரிக்கிறான்; செபாஸ்டியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.